தண்ணீர் கீழிருந்து ஏற வேண்டும்

மலேசியாவில், கிள்ளானை அடுத்த பண்டமாரானில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டின் பின்பக்கத்தில், எண்பதுகளின் தொடக்கத்தில், ஒன்றரை வருட காலம் நானும் என் கணவரும் சாராயம் காய்ச்சினோம். விற்பதற்கு அல்ல. ஆனாலும் சட்டப்படி அது குற்றம் என்று இருவருக்கும் தெரியும். அதனாலேயே இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அவர் இல்லை. அந்த வீடும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காக மட்டும் மனம் இன்னும் ஏங்கிக்கொண்டே இருக்கிறது.

நான் கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ரயில்வேயில் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் என்பதால் வீட்டில் பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். என் கணவர் கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தார். அதே சாலையில் இருந்த ஓர் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். பஸ் நிறுத்தத்தில் பழகினோம். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை, அழவில்லை. நாங்கள் பதிவு செய்த நாளன்று, வழக்கம்போலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அதன் பிறகு அவர் என் வீட்டுக்கு வரவில்லை. நானும் அங்கே போகவில்லை.

பண்டமாரானில் குடியேறிய பிறகு துறைமுகத்தருகே ஒரு ஐஸ் தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மீன் படகுகளுக்கு ஐஸ்கட்டி போகும் இடம். என் கணவர் காலையில் எனக்கு முன்னால் கிளம்பி மாலையில் எனக்குப் பின்னால் வருவார். நான் அவரைக் கூப்பிடுவது "இஞ்சருங்கோ" என்று, இங்கே பாருங்கள் என்பதற்கு எங்கள் வீட்டு வழக்கு. அது அவருக்குச் சிரிப்பாக இருக்கும். "இஞ்சி வேணுமா, சுக்கு வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். முதல் இரண்டு வருடமும் அப்படித்தான் போயிற்று.

மூன்றாம் வருடம் எனக்கு ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்தது. பெண் குழந்தை. நான் மயக்கத்தில் இருந்தேன். நான் கண் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர்தான் குழந்தையை வாங்கிக்கொண்டு போய், தன் வேலைக்கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து அடக்கம் செய்துவிட்டு வந்தார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். தொட்டில் கட்ட வைத்திருந்த கயிறு, என் நாத்தனார் தைத்துக் கொடுத்த சின்னத் துணிகள், எதுவுமே வீட்டில் இல்லை. அவர் எங்கேயோ எடுத்துப் போய்விட்டார். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. சண்டை எதுவும் இல்லை. "சோறு போடவா", "மழை வருது, துணி எடு" என்ற அளவுக்குப் பேசினோம். அவர் வேலை முடிந்து வரும்போது சட்டைப்பையில் ஒரு தட்டைப் போத்தல் இருக்கும். சம்சு. மட்டமான சாராயம். அதைப் படியில் உட்கார்ந்து குடித்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்துவிடுவார். குடித்துவிட்டு ஒரு சத்தம் போட்டதில்லை. போட்டிருந்தாலாவது எனக்கு ஏதாவது பேசக் கிடைத்திருக்கும்.

அடுத்த சந்தில் துறைமுகக் கூலி ஒருவர் இருந்தார். எங்கோ வாங்கிய ஏதோ ஒரு தண்ணியைக் குடித்து, இரண்டே நாளில் கண் பார்வை போய்விட்டது. ஒவ்வொரு மாலையும் அவருடைய மனைவி கையைப் பிடித்து எங்கள் வீட்டைக் கடந்து கடைக்கு அழைத்துப் போவார். ஒரு சனிக்கிழமை மாலை அவர்கள் அப்படிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் படியில் என் கணவர் போத்தலைத் திறந்துகொண்டிருந்தார். எனக்கு வாயை அடக்க முடியவில்லை.

"குடிக்கிறதெண்டால் நல்லதாக் குடியுங்கோ. கண்ட தண்ணியை இந்த வீட்டுக்குள்ள கொண்டு வராதேங்கோ."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லது எங்க கெடைக்குது? நாமளே காய்ச்சினாத்தான் உண்டு."

"அப்ப காய்ச்சுங்கோ."

"வெளையாடாதலா."

"விளையாடேல்லை. நானும் பக்கத்தில நிற்பன். நான் கேக்கிற கேள்வி எல்லாத்துக்கும் விடை தெரிஞ்ச பிறகுதான் ஒரு சொட்டு வாயில வைக்கலாம்."

அவர் போத்தலை மூடி ஓரமாக வைத்தார். நான்கு மாதத்தில் நாங்கள் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

மறுநாள் நாள்காட்டியிலிருந்து கிழித்த பழைய தாள்களின் பின்பக்கத்தில் என் கேள்விகளை எழுதினேன். எந்தப் பழத்தில் செய்வது? ஊறல் எத்தனை நாள் புளிக்க வேண்டும், புளித்துவிட்டது என்று எப்படித் தெரியும்? எந்தப் பாத்திரம் ஆகாது? கண்ணைக் கெடுப்பது எது, அது இதில் வருமா? ஆவியை எப்படித் திரும்பத் தண்ணீராக்குவது? வேலைக்குப் போகும்போது அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். முன்பு போத்தல் இருந்த அதே பையில்.

தோட்டத்தில் அவருக்குத் தெரிந்தவர்களிடமும், வேலையிடத்தில் ஒரு சீனரிடமும் விசாரித்து ஒவ்வொரு விடையாகக் கொண்டுவந்தார். சில விடைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. முதலில் வடிவதைக் கொட்டிவிட வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். எவ்வளவு என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு.

"கால் கிளாஸ் போதும்ங்கறாங்க."

"அப்ப ஒரு கிளாஸ் கொட்டுவம்."

"அடியே, அவ்வளவும் போச்சுன்னா மிச்சம் என்ன இருக்கும்?"

"கண் இருக்கும்."

அன்று அவர் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் சிரிப்பு.

பாய்லர் வேலை செய்தவர் என்பதால் கொதிக்க வைப்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. என்னோடு வேலை செய்தவர்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த பிரஷர் குக்கரைப் பல நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆவி போற வழி எப்பவும் தொறந்திருக்கணும். அடைச்சுச்சுன்னா இது குண்டு" என்று என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். ஆனால் ஆறவைப்பது அவருக்குத் தெரியவில்லை. "பாய்லர்ல ஆவிய யாரு ஆற விடுவா? ஆறிட்டா ஃபோர்மேன் கிட்ட ஏச்சுத்தான் வாங்கணும்" என்றார். அந்தப் பாதி என் தலையில் விழுந்தது.

முதல் முறை மிகச் சாதாரணமாக நினைத்துவிட்டோம். லோரி ரிப்பேர் கடையில் வாங்கிய செம்புக் குழாயைக் குக்கர் மூடியில் பொருத்தி, நேராக நீட்டி, மறுமுனையில் ஒரு கண்ணாடிப் போத்தலை வைத்தோம். குழாயைச் சுற்றி ஈரத்துணி. நான் குவளையால் அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊறல் கொதித்தது. குழாய் முனையில் பத்துச் சொட்டு விழுந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஆவி. துணியும் சூடாகி அதுவும் புகைய ஆரம்பித்தது. அடுப்படி முழுக்க புளித்த அன்னாசி வாடை. அவர் உடனே அடுப்பை அணைத்தார். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டிவிட்டார்.

"என்னா சமையல், வாசம் தூக்குது?"

"அன்னாசி ஜாம், அக்கா" என்றேன்.

"ஓ, எனக்கும் கொஞ்சம் குடுலா."

வேறு வழியில்லாமல் அன்று சாயங்காலம் அன்னாசி வாங்கி வந்து ஜாம் கிளறினேன். அந்த ஒன்றரை வருடத்தில் எங்கள் வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் நான் அன்னாசி ஜாம் கொடுத்திருக்கிறேன். நல்லாக் கிளறுவேன் என்று எனக்குப் பெயரே வந்துவிட்டது.

இரண்டாம் முறை குழாயைச் சுருளாக வளைத்தார். வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே மணலை நிரப்பி, ஒரு மரக்கட்டையைச் சுற்றி வளைத்து, பிறகு மணலைத் தட்டிக் கொட்டிக் கழுவினார். அந்தச் சுருளை ஒரு வாளிக்குள் இறக்கி, நான் வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த உடைந்த ஐஸ்கட்டிகளைப் போட்டோம். கோணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். இறங்கும்போது சேலை முழுக்க நனைந்திருந்தது. கண்டக்டர், "ஆன்டி, மீனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஐஸ் இருந்தவரை அருமையாக வடிந்தது. சொட்டுச் சொட்டாக, தெளிவாக, கையில் பட்டால் குளிர்ந்தது. ஆனால் அரை மணி நேரத்தில் ஐஸ் முழுவதும் கரைந்துபோனது. குக்கரில் பாதிக்கு மேல் மிச்சம். வாளியில் வெறும் தண்ணீர்தான். மறுபடியும் குழாய் முனையில் ஆவி. "நாளைக்கு ரெண்டு கோணி கொண்டா" என்றார். இரண்டு கோணி கொண்டுவந்தால் ஒரு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல்?

நான் வாளியருகே உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டேன். மேலே கை வைக்க முடியாத சூடு. இன்னும் கீழே விட்டேன். முழங்கை வரை போனதும் விரல் நுனியில் தண்ணீர் சில்லென்றிருந்தது.

"இஞ்சருங்கோ, கையை விட்டுப் பாருங்கோ. மேல கொதிக்குது. அடியில பச்சைத் தண்ணி."

அவரும் கையை விட்டார். அந்த வாளிக்குள் எங்கள் இருவர் கையும் இருந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"சூட்டுத் தண்ணி மேல ஏறிக்கிது" என்றார் மெதுவாக.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் பாடத்தில் இந்தப் படத்தை நான் வரைந்திருக்கிறேன். கண்ணாடிக் குழாயைச் சுற்றி இன்னொரு குழாய். தண்ணீர் கீழ்ப்பக்கம் உள்ளே, மேல்பக்கம் வெளியே. அம்புக்குறி மாறிப் போட்டால் மார்க் போய்விடும் என்று மனப்பாடம் செய்தேனே ஒழிய, ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதை அவரிடம் சொன்னேன். மேலிருந்து ஊற்றினால் குளிர்ந்த தண்ணீர் சூட்டோடு கலந்து வழிந்து வீணாகப் போகும். அடியிலிருந்து ஏற்றினால், சூடான தண்ணீரை அதுவே மேலே தள்ளி வெளியேற்றிவிடும். சுருளின் கடைசி வளைவு எப்போதும் குளிர்ந்த தண்ணீரிலேயே இருக்கும். சொல்லிக்கொண்டு போகும்போதுதான் எனக்கே புரிந்தது.

"நீ வாத்தியாரா போயிருக்கணும்" என்றார்.

கிள்ளானில், பாசார் என்னும் சந்தைக்குப் பின்னால், பூவாளி செய்யும் ஒரு சீனத் தகரக்காரர் இருந்தார். ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டுபோய், அடியில் ஒரு மூக்கும் விளிம்புக்குக் கீழே ஒரு மூக்கும் வைத்துப் பற்றவைக்கச் சொன்னோம். எதற்கு என்று மலாயில் கேட்டார். "ஈக்கான்" என்றார் என் கணவர், மீன் வளர்க்க என்ற அர்த்தத்தில். தகரக்காரர் டின்னையும் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு பற்றவைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அதன் பிறகு எல்லாம் சரியாக வந்தது. பைப்பிலிருந்து ஒரு ரப்பர் குழாய் டின்னின் அடிமூக்குக்கு. மேல்மூக்கிலிருந்து இன்னொன்று வெளியே. ஐஸே தேவையில்லை. மத்தியானத்தில் பைப்புத் தண்ணீரே வெதுவெதுப்பாகிவிடும் என்பதால் ஞாயிறு காலையில், இட்லி சாப்பிட்ட கையோடு ஆரம்பிப்போம். மழை பெய்த வாரங்களில் தகரக் கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்து வைத்த தண்ணீர் இன்னும் குளிர்ச்சி. பைப்பை எவ்வளவு திறப்பது என்பது என் வேலை. அடுப்புத் தீயை எவ்வளவு வைப்பது என்பது அவர் வேலை. தீ கூடினால் நான் தண்ணீரைக் கூட்ட வேண்டும். ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சொட்டுவதற்கு மூன்று மணி நேரம் ஆகும். விட்டுவிட்டு எழுந்து போக முடியாது. இரண்டு மணை போட்டு எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். எத்தனை நேரம்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது? அவர் தோட்டத்துக் கதை சொல்வார். நான் அம்மாவைப் பற்றிச் சொல்வேன். புதிய கேள்விகளும் வரும். ஏன் இன்று கலங்கலாக வருகிறது? ஏன் கடைசியில் வருவதற்கு ஈரத்துணி வாடை? விடை தெரியாவிட்டால் அடுத்த ஞாயிறு வேறு மாதிரி செய்து பார்ப்போம்.

அப்படி ஒரு ஞாயிறு, என்னையும் அறியாமல் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"பிள்ளையை நீங்கள் பாத்தனீங்களோ?"

அவர் அடுப்புத் தீயைக் குறைத்தார்.

"பாத்தேன்."

"எப்பிடி இருந்தது?"

"தல நெறைய முடி. இம்மாம் முடி" என்று விரலால் அளந்து காட்டினார். "கண்ணு மூடியிருந்துச்சு. வாய் ஒன்னோடது. கன்னம் எங்க அம்மாவோடது. நான் தூக்கிட்டுப் போறப்ப தூங்குற மாதிரிதான் இருந்துச்சு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கல. கேட்டா ஒடஞ்சு போயிருவன்னு நெனச்சேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் ஒடஞ்சிருப்பேன்" என்றார்.

நாங்கள் இருவரும் அழுதோம். அழுதுகொண்டே நான் பைப்பைப் பார்த்தேன், அவர் தீயைப் பார்த்தார். துணிகளையும் தொட்டில் கயிற்றையும் குழந்தையோடேயே வைத்துவிட்டதாகச் சொன்னார்.

டின்னின் மேல்மூக்கிலிருந்து வழியும் வெந்நீர் அதுவரை சாக்கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அன்று அவர் அதை ஒரு வாளியில் பிடித்தார். "வா, தலைக்கு ஊத்துறேன்" என்றார். எங்கள் வீட்டில் வெந்நீர் என்று ஒன்று கிடையாது; பச்சைத் தண்ணீர்தான் எப்போதும். நான் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன். அவர் குவளை குவளையாக ஊற்றி, சீயக்காய் தேய்த்துவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கடைசி வேலை அதுதான்.

சாராயத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ருசி சுமாராகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். ஒரே ஒரு முறை, போத்தல் மூடியளவு நானும் குடித்தேன். தொண்டை எரிந்தது, பிறகு லேசாக அன்னாசி வாசம். "எப்டி?" என்று ஆவலோடு கேட்டார். "மருந்து மாதிரி இருக்கு" என்றேன். அவருக்கு ஏமாற்றம். அவரே வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு சின்ன டம்ளர் என்ற அளவுக்கு வந்திருந்தார். காய்ச்சுவதுதான் அவருக்குப் பிடித்திருந்தது.

அடுத்த வருடம் மழையில்லாத ஒரு மாதத்தில், ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். வாசலில் யாரோ நின்றார்கள். அப்பா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பிஸ்கட் டின். நான்கு வருடத்துக்குப் பிறகு அவரைப் பார்க்கிறேன்.

"உள்ள வரலாமோ?" என்று கேட்டார்.

உட்கார வைத்தேன். பின்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. டின் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. தேத்தண்ணி போட்டுத் தருகிறேன் என்று எழுந்தேன். அப்போதுதான் பின்பக்கம் பைப்பில் காற்று இரையும் சத்தம் கேட்டது.

"இங்க வா சீக்கிரம்! தண்ணி நின்னுபோச்சு!"

நான் ஓடினேன். அப்பாவும் பின்னாலேயே வந்துவிட்டார். டின்னில் தண்ணீர் கொதித்தது. குழாய் முனையிலிருந்து ஆவி சீறியது. என் கணவர் அடுப்பை அணைக்கக் குனிந்தார். அந்த நொடியில் சாராய ஆவியில் தீ பிடித்தது. பகல் வெளிச்சத்தில் அந்த நெருப்பு சரியாகக் கண்ணுக்கே தெரியவில்லை. அவருடைய சட்டைக் கை கருகிச் சுருங்குவதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. எப்படியோ அடுப்பை அணைத்துவிட்டார். அப்பாதான் தரையில் கிடந்த ஈரக் கோணியை எடுத்து அவர் கையைச் சுற்றி அழுத்தினார். பிறகு தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், மழைப்பீப்பாயின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் அந்தக் கையை முக்கிப் பிடித்தார். கால் மணி நேரம் விடவில்லை. வெள்ளைச் சட்டை இடுப்புவரை நனைந்து அழுக்கானது.

கொஞ்சம் ஆறிய பிறகு அப்பாவின் பார்வை டின்மீது போனது. இரண்டு மூக்குகளையும் ரப்பர் குழாய்களையும் பார்த்தார்.

"தண்ணி கீழால ஏறுதோ?"

"ஓம், அப்பா."

"ஆர் கண்டுபிடிச்சது?"

"இவதான் மாமா" என்றார் என் கணவர். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்பாவை அவர் மாமா என்று அழைத்தது அன்றுதான் முதல் முறை.

கிளினிக்கில் எண்ணெய் கொட்டிவிட்டது என்று சொல்லி மருந்து போட்டுக்கொண்டு வந்தோம். அப்பா கூடவே வந்தார், மூவருமாகத் திரும்பினோம். கிளம்பும்போது கேட்டருகில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இனி இதைச் செய்யாதேங்கோ. சட்டமும் இருக்கு, நெருப்பும் இருக்கு." பிறகு, "பிள்ளையின்ர கதை கேள்விப்பட்டனான். எப்பிடி வாறதெண்டு தெரியேல்லை. அதுதான் இவ்வளவு நாள்."

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனோம். அப்பா மருமகனிடம் பாய்லரைப் பற்றி விசாரிப்பார். டின்னைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

நாங்கள் மறுபடி காய்ச்சவில்லை. முதலில் கை ஆற வேண்டியிருந்தது. கை ஆறுவதற்குள் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்தது. அவர் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஆறு மாதம் அலைந்த பிறகு கடல் தாண்டி சரவாக்கில், மீரிக்கு அப்பால், ஒரு பலகை ஆலையில் பாய்லர் வேலை கிடைத்தது. இரண்டு வருடம் என்று சொல்லிப் போனார். எட்டு வருடம் ஆயிற்று. வருடத்துக்குப் பத்து நாள் லீவில் வருவார். அந்தப் பத்து நாளும் உறவுக்காரர் வீடு, கோயில், டாக்டர் என்று ஓடிவிடும்.

ஆரம்பத்தில் கடிதங்களில் நான் நிறையக் கேட்பேன். அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எந்த மரத்தை எரிக்கிறார்கள்? அவரும் விவரமாக எழுதுவார். போகப்போக அவருடைய கடிதம் ஒரு பக்கமாகி, அரைப் பக்கமாகி, "இங்கே எல்லாம் நலம், உடம்பைப் பார்த்துக்கொள்" என்று நின்றது. தப்பு அவருடையது மட்டுமில்லை. என் கேள்விகளும் அதற்குள் குறைந்துவிட்டிருந்தன.

அவர் திரும்பி வந்தபோது தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா அப்போது உயிரோடு இல்லை. பண்டமாரான் வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டதால் நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பிளாட்டுக்கு மாறியிருந்தேன். அவர் குடியை முழுவதுமாக விட்டிருந்தார். சைவமாகிவிட்டிருந்தார். வெள்ளி, செவ்வாய் தவறாமல் கோயில். எல்லோரும் என்னை அதிர்ஷ்டசாலி என்றார்கள். உண்மைதான். ஒரு கடுஞ்சொல் பேசமாட்டார். காய்கறி நறுக்கித் தருவார். ஆனால் இரண்டு அறை கொண்ட அந்த வீட்டில் நாங்கள் இரண்டு நல்ல விருந்தாளிகளைப்போல நடமாடினோம்.

ஒரு சனிக்கிழமை பாசாரில் அன்னாசி குவித்து வைத்திருந்தார்கள். நான்கு பழம் வாங்கி வந்து மேசைமேல் வைத்தேன்.

"இஞ்சருங்கோ. ஒருக்கால் செய்து பாப்பமோ?"

அவருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் சிரித்தார். அன்பான சிரிப்புத்தான்.

"அதெல்லாம் எதுக்குமா இப்ப? பிளாட்டுல வேற."

அவர் சொன்னதில் தவறே இல்லை. அன்னாசியை நறுக்கி உப்பும் மிளகாயும் தூவி வைத்தேன். இருவரும் சாப்பிட்டோம். நல்ல இனிப்பு என்றார். நான் தட்டைக் கழுவப் போய், வெகுநேரம் பைப்பைத் திறந்துவிட்டு நின்றேன்.

எனக்கு வேண்டியிருந்தது சாராயமா? எதிரெதிரே இரண்டு மணை. மூன்று மணி நேரம். எழுந்து போக முடியாத ஒரு காரணம். அதை அவரிடம் அந்த வார்த்தைகளில் கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறு காலையும், இன்று கேட்கலாம் என்று நினைப்பேன். அவர் பேப்பர் படித்து முடிப்பதற்குள் அந்தத் துணிச்சல் போய்விடும். அப்படியே ஆறேழு வருடம் போனது. ஒருநாள் கோயிலிலிருந்து வந்து நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த ஒரு மாதம் கழித்து, மீரியில் அவரோடு வேலை செய்த ஒருவர் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். தாமதமாகத்தான் கேள்விப்பட்டதாகச் சொன்னார். தேத்தண்ணி கொடுத்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க டீச்சரா வேல பாத்தீங்களா?"

"இல்லையே. ஆபீஸில டைப்பிஸ்ட். ஏன்?"

"அண்ணே எப்பவும் ஒங்களப் பத்தித்தான் பேசுவாரு. எங்க வீட்டுல ஒன்னு கேட்டா பதில் கண்டுபுடிக்காம எனக்குத் தூக்கம் வராதும்பாரு. அந்த டின்னு கத, ஜாம் கத, மீனுன்னு தகரக்காரர்கிட்ட சொன்ன கத, எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஞாயித்துக்கெழம லீவுல எல்லாரும் டவுனுக்குப் போயிருவோம். அவரு வரமாட்டாரு. படிக்கட்டுல உக்காந்துருப்பாரு. ஏன்ணேன்னு கேட்டா, இந்நேரம் எங்க வீட்டுல சொட்டிக்கிட்டு இருக்கும்பாரு."

என்னோடு இருந்த ஆறேழு வருடமும் பேசாததை, கடலுக்கு அப்பால் யார் யாரிடமோ சொல்லியிருக்கிறார். கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு, இத்தனை நாள் நான் மட்டும்தான் ஏங்கினேன் என்று நினைத்திருந்தது பொய்யாகிப்போன நிம்மதியும் வந்தது. இரண்டையும் பிரிக்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வந்தவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். நான் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன். வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன். படிக்கட்டு எந்தப் பக்கம் பார்த்திருக்கும், கை வடு மழை நாளில் வலிக்கும் என்று சொன்னாரா, சாப்பாட்டுக்கு என்ன செய்தார், குழந்தையைப் பற்றி ஏதாவது பேசினாரா. வந்தவர் பாவம், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஞாபகம் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.